மெமோரியல் டே: வாழ்த்துச் சொல்ல வேண்டிய நாளா?

காவிரிக்கரை | 2025 மே 20, காலை 7.10

வரும் திங்கள்கிழமை, மே 26, மெமோரியல் டே. நேற்று இரவு எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழைப்பு வந்தது. மேலே அமெரிக்கக் கொடி, நடுவில் வாணவேடிக்கை, கீழே கம்பியில் கோத்த கோழித்துண்டுகள். "அனைவருக்கும் இனிய மெமோரியல் டே வாழ்த்துகள்! காலை பத்து மணிக்குப் பூங்காவில் சந்திப்போம்." அரை மணி நேரத்துக்குள் நாற்பது பேர் கைதட்டும் படம் போட்டுவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இது போரில் இறந்தவர்களின் நாள். நம் வீட்டில் தாத்தாவின் திதியன்று ஒருவர் வாசலில் வந்து நின்று "இனிய திதி வாழ்த்துகள்" என்று சொன்னால் பாட்டியின் முகம் எப்படிப் போகும்? அப்படித்தான் இதுவும்.

குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. தெரியாமல் செய்கிறார்கள். எனக்கும் போன வருடம்தான் உறைத்தது. மகன் சாரணர் பிரிவில் இருக்கிறான், ஒன்பது வயது. மெமோரியல் டேக்கு முந்தைய சனிக்கிழமை, பென்சில்வேனியாவில் எங்கள் ஊரில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் கொடி நடுவதற்கு அழைத்துப் போனார்கள். பையனுக்கு ஒரு கட்டுக் கொடி, கூட வந்த பெரியவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவர். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கொடியின் குச்சி மெல்லியது. காய்ந்த மண்ணில் நேரே அழுத்தினால் முறிந்துவிடும். முதலில் ஸ்க்ரூ டிரைவரால் குழி போட வேண்டும், பிறகு குச்சியை இறக்க வேண்டும்.

பொறுப்பாக வந்திருந்த முதியவர் ஒரே ஒரு விதி சொன்னார். கொடியை நட்டதும் ஓரடி பின்னால் வந்து, கல்லில் உள்ள பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். ஒரு கல்லின் அருகே உலோகத்தில் ஐந்து முனை நட்சத்திரம் செருகியிருந்தது, உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவரின் அடையாளம். கல் தேய்ந்து பெயர் அழிந்துவிட்டது. மகன் குத்தவைத்து உட்கார்ந்து, விரலை எழுத்துப் பள்ளத்தில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தான். படைப்பிரிவின் எண்ணும் வயது 19 என்பதும்தான் கிடைத்தன. "அப்பா, பெயர் தெரியவில்லையே, என்ன சொல்வது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. முதியவர் வந்து, "தெரிகிறதைப் படி, போதும்" என்றார். எண்ணையும் வயதையும் சத்தமாகப் படித்தான்.

அன்றைக்குப் பிறகு அந்தக் கோழித்துண்டுப் படத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. நண்பர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

நிலாவின் அம்மா | மே 20, காலை 9.42

அண்ணா, உண்மையைச் சொல்கிறேன். இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. இது ராணுவத்தினருக்கான நாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். அலுவலகத்தில் எல்லாரும் "ஹேப்பி மெமோரியல் டே" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். மெத்தை வாங்குவதென்றால் இந்த வாரத்தில்தான் தள்ளுபடி என்று என் கணவர் காத்திருப்பார். அப்படியானால் நவம்பரில் வருகிறதே, அது என்ன நாள்?

---

மதுரைச் செவிலி | மே 20, நண்பகல் 12.15

நிலா அம்மாவுக்கு: நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே. படையில் பணியாற்றிய எல்லாருக்குமான நாள். உயிரோடு இருப்பவர்களை நேரில் பார்த்து நன்றி சொல்லலாம். மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை ஆர்ம்டு ஃபோர்சஸ் டே. அது இப்போது படையில் இருப்பவர்களுக்கு. மே மாதக் கடைசித் திங்கள் மட்டும்தான் திரும்பி வராதவர்களுக்கு.

நானும் தெரியாமல்தான் இருந்தேன். முன்னாள் படைவீரர்கள் வரும் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மெமோரியல் டே அன்று காலைப் பணி. எண்பதை நெருங்கும் நோயாளி ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, "உங்கள் சேவைக்கு நன்றி ஐயா" என்றேன். அவர் கோபப்படவில்லை. கையில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "என்னுடைய நாள் நவம்பரில் வருகிறது அம்மா, இன்று அவர்களுடைய நாள்" என்றார். பிறகு இரண்டு பெயர்களைச் சொன்னார். முழுப்பெயர்கூட இல்லை, கூட இருந்தவர்கள் கூப்பிட்ட செல்லப்பெயர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இறந்த பையன்களைப் பற்றி, போன வாரம் பார்த்தவர்களைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நோயாளிக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நான் நகரவில்லை.

---

கரிசல்காட்டான் | மே 20, பிற்பகல் 3.30

இழையைத் தொடங்கியவரின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஓர் அடிப்படை மறுப்பு இருக்கிறது. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி 2003இல் ஈராக்குக்குள் போனார்கள். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. வியட்நாமில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்டு மக்கள் எத்தனை பேர் செத்தார்கள்? அவர்களுக்கு எந்தத் திங்கள்கிழமை விடுமுறை? கொடி நட்டு, பேண்டு வாத்தியம் வாசித்து, ஊர்வலத்தில் தேர்தல் வேட்பாளர்கள் வண்டியில் நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் எறிந்து... இதில் போய் நின்றால் அந்தப் போர்களுக்கு நாமும் தலையாட்டியதாக ஆகாதா? பார்பிக்யூ சாப்பிடுகிறவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

---

பழைய வாத்தியார் | மே 20, இரவு 8.55

கரிசல்காட்டான் தம்பி, கேள்வி நியாயமானது. ஆனால் இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அரசு உத்தரவு போட்டு மக்கள் கொண்டாடிய நாள் இல்லை என்பது விளங்கும். வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1865 மே 1, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம். வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையிலான உள்நாட்டுப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அங்கே ஒரு குதிரைப் பந்தய மைதானத்தைத் தெற்குப் படையினர் சிறையாக்கி வைத்திருந்தார்கள். அதில் 257 வடக்குப் படைக் கைதிகள் நோயிலும் கொடுமையிலும் இறந்தார்கள். அவர்களை ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் அந்தக் குழியைத் தோண்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடக்கம் செய்தார்கள், சுற்றிலும் வேலி போட்டார்கள். பிறகு சுமார் பத்தாயிரம் பேர் கூடினார்கள். முன்னால் மூவாயிரம் பள்ளிக் குழந்தைகள் கை நிறையப் பூவோடு நடந்தார்கள். இந்தச் செய்தி பல காலம் மறந்தே கிடந்தது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் 1990களில் பழைய ஆவணங்களில் தேடி எடுத்த பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. அந்த மைதானம் இன்று ஹாம்ப்டன் பார்க்.

தெற்கிலும் தாய்மார்களும் விதவைகளும் தங்கள் பிள்ளைகளின் கல்லறைகளுக்குப் பூ வைத்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸ் ஊர்ப் பெண்கள் 1866இல் பகைப்படை வீரர்களின் கல்லறைகளுக்கும் சேர்த்தே வைத்தார்கள். யார் முதலில் தொடங்கியது என்று பல ஊர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொள்கின்றன. காவிரிக்கரை இருக்கும் பென்சில்வேனியாவிலும் போல்ஸ்பர்க் என்ற ஊர் உரிமை கொண்டாடுகிறது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ ஊருக்கு 1966இல் அதிபர் ஜான்சன் அந்தப் பெருமையைக் கொடுத்தார். இதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

1868இல் முன்னாள் வீரர் சங்கத்தின் தலைவர் ஜெனரல் ஜான் லோகன், மே 30ஆம் தேதியைக் கல்லறைகளுக்குப் பூச்சூட்டும் நாளாக அறிவித்தார். பெயரே டெகரேஷன் டே. அதாவது, பூச்சூட்டும் நாள். வெற்றி என்ற சொல்லே அதில் இல்லை.

பிறகு பொருள் எப்படித் தேய்ந்தது? அதற்கும் தேதி இருக்கிறது. 1968இல் சட்டம் போட்டு, 1971 முதல் சில விடுமுறைகளைத் திங்கள்கிழமைக்கு நகர்த்தினார்கள், மூன்று நாள் தொடர் விடுமுறை கிடைக்கட்டும் என்று. மே 30 போய், கடைசித் திங்கள் வந்தது. வெட்டரன்ஸ் டேயையும் அப்படித்தான் அக்டோபருக்குத் தள்ளினார்கள். மக்கள் ஏற்கவில்லை, 1978இல் நவம்பர் 11க்கே திரும்பியது. மெமோரியல் டே திரும்பவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: நவம்பர் நாளுக்காகக் குரல் கொடுக்க வீரர்கள் உயிரோடு இருந்தார்கள். மே மாத நாளுக்கு உரியவர்களால் குரல் கொடுக்க முடியாது.

அவர்களுக்காகப் பேசியவர் ஒருவர் உண்டு. ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே. மே 30க்கே மாற்றுங்கள் என்று 2012இல் இறக்கும் வரை திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். ஒன்றும் நிறைவேறவில்லை. அவர் யார் தெரியுமா? ஜப்பானியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்ட 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்து, 1945இல் இத்தாலியில் வலது கையை இழந்தவர். அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த அவர் இனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேல் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். இது வெள்ளையர்களின் நாள், நாம் நேற்று வந்தவர்கள், நமக்கென்ன என்று யாராவது சொன்னால் இனோயேயைத்தான் நான் காட்டுவேன்.

---

நிலாவின் அம்மா | மே 20, இரவு 10.05

ஐயா, இரண்டு தடவை படித்தேன். குழந்தைகள் பூவோடு நடந்ததை மகளுக்குச் சொல்லப் போகிறேன்.

---

நாஞ்சில் மேரி | மே 21, காலை 6.20

பூச்சூட்டும் நாள் என்று வாத்தியார் ஐயா எழுதியதும் எனக்கு எங்கள் ஊர்க் கல்லறைத் திருநாள் நினைவுக்கு வந்துவிட்டது. நவம்பர் 2. அதற்கு முந்தைய வாரமே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துவிடுவோம். அன்று மாலை கல்லறை முழுக்கச் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும்தான். கவனிக்க ஆளில்லாத கல்லறைகளில் அம்மா இரண்டு பூவும் ஒரு மெழுகுவர்த்தியும் வைக்கச் சொல்வார்கள். "யார் பெற்ற பிள்ளையோ" என்பார்கள். அமெரிக்காவுக்கு வந்தபோது இங்கே அப்படி ஒரு நாள் இல்லையே என்று ஏங்கினேன். இத்தனை காலம் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது.

---

வன்னிமகள் | மே 21, காலை 11.48

நான் டொரன்டோவில் இருக்கிறேன். இங்கே நவம்பர் 11 பதினொரு மணிக்கு எல்லாம் நிற்கும், சட்டையில் சிவப்புப் பாப்பிப்பூ குத்தியிருப்போம். பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நாளைக்கு முன்தான் மே 18 கடந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் எங்கள் சனத்துக்கு இருந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சி மட்டும்தான். அதற்கு வரிசையில் நின்றவர்கள் மேலேயும் செல் குண்டு விழுந்தது. வருடா வருடம் அந்த வாரத்தில் அதே கஞ்சியைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறோம். என் சின்ன மகன் முதல் முறை வாயில் வைத்துவிட்டு, "அம்மா, இதில் ஒன்றுமே இல்லையே" என்றான். "ஓம், ஒன்றுமே இல்லை" என்றேன். அவனுக்கு அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

அதனால் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். எதை நினைத்துச் சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதுதான் பிழை. கரிசல்காட்டான் அண்ணா, பொதுமக்களின் சாவுக்கு எந்த நாள் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நானும் ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். ஆனால் இன்னொருவருடைய பிள்ளையின் கல்லறையில் பூ வைத்தால் என் சனத்தின் துக்கம் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

---

மலைக்கோட்டை | மே 21, பிற்பகல் 2.02

ஒரு தகவல். கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் மேஜர் மாரியப்பன் சரவணன் உயிர்விட்டது 1999 மே 29. எங்கள் திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்ட், வீர் சக்ரா விருது பெற்றவர். சண்டை நடந்துகொண்டே இருந்ததால் ஒரு மாதத்துக்கும் மேல் உடலை மலையிலிருந்து இறக்க முடியவில்லை. திருச்சியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. நான் அந்த வழியாகத்தான் தினமும் கல்லூரிக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் ஒரு நாள்கூட இறங்கிப் பெயரைப் படித்ததில்லை. 2023இல் மெமோரியல் டே சரியாக மே 29 அன்று வந்தது. இங்கே ஊர்வலத்தில் நிற்கும்போதுதான் தேதி பொறி தட்டியது. அமெரிக்கர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று அன்று பட்டது. ஊருக்குப் போனபோது இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

---

கரிசல்காட்டான் | மே 21, இரவு 9.17

எல்லாருக்கும் நன்றி. வன்னிமகள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. சார்ல்ஸ்டனில் பூவோடு நடந்தவர்கள் தங்களை விடுவித்த போருக்காக இறந்தவர்களுக்கு நன்றி சொன்னார்கள். அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். வியட்நாமுக்குப் போனவனுக்கு நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

---

காவிரிக்கரை | மே 22, காலை 6.45

கரிசல்காட்டான், நன்றி சொல்ல வேண்டாம். நன்றி சொல்வது நவம்பரில். மே மாதத்தில் செய்ய வேண்டியது துக்கம் மட்டும்தான், துக்கத்துக்குப் போர் நியாயமானதா என்ற சான்றிதழ் தேவையில்லை. அநியாயமான போர் என்றால் அதில் போன உயிருக்கு இன்னும் கூடுதலாகத்தான் வருந்த வேண்டும்.

1969 டிசம்பர் 1 அன்று என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வியட்நாம் போர்க்காலத்தில் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கக் குலுக்கல் நடத்தினார்கள். வருடத்தின் 366 தேதிகளையும் சீட்டில் எழுதி, நீல நிறக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் வந்த சீட்டு செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த, ராணுவ வயதுப் பையன்கள் எல்லாரும் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள். போரை முடிவு செய்தது அவர்கள் இல்லை. அந்த வயதில் பலருக்கு ஓட்டுரிமைகூட இல்லை. 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 1971இல்தான். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவிடத்தின் கறுப்புச் சுவரில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பதவி வரிசை இல்லை, அகர வரிசையும் இல்லை. இறந்த நாள் வரிசை. ஒரு தாய் தன் மகன் பெயரைத் தேடினால், அவனோடு அன்றைக்கே இறந்தவர்களின் நடுவில்தான் கண்டுபிடிப்பாள். அதைப் பார்த்துவிட்டுப் போருக்குக் கைதட்டத் தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லை.

ஊர்வலத்தில் மிட்டாய் எறிவது பற்றிச் சொன்னீர்கள். அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அந்த வேட்பாளர் வண்டிகள் இல்லாமல் நடத்தலாம்.

இன்னொன்று. 1996இல் வாஷிங்டனைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிக் குழந்தைகளிடம் மெமோரியல் டே என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "நீச்சல்குளம் திறக்கும் நாள்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் ஏற்படுத்திய அதிர்ச்சியில் தொடங்கிய முயற்சி 2000இல் சட்டமானது: அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, அவரவர் இருக்கும் இடத்தில், ஒரு நிமிடம் மௌனம். இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. என் அலுவலகத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆறு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஆகவே இது குடியேறிகளின் அறியாமை இல்லை.

வன்னிமகள் சொன்னதையே நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நம் வழக்கம் என்ன? திதி கொடுத்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, பிறகு வடை பாயசத்தோடு வயிறாரச் சாப்பிடுகிறோம். அதில் தவறில்லை. காக்கைக்கு வைப்பதற்கு முன்னால் இலை போடுவதில்லை, அவ்வளவுதான். இங்கேயும் அதே ஒழுங்குதான் இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. மெமோரியல் டே அன்று தபால் நிலையக் கொடியைப் பாருங்கள். சூரிய உதயத்திலிருந்து நண்பகல் வரை அரைக்கம்பத்தில் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். காலை இறந்தவர்களுக்கு, பிற்பகல் நமக்கு. பூங்காவுக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

குழுப் பொறுப்பாளரிடம் நேற்று இரவு தொலைபேசியில் பேசினேன். முதலில், "சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்கள்" என்றார். கொடி ஏற்றும் நேரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இன்று காலை புது அழைப்பு வந்திருக்கிறது. வாழ்த்து, வாணவேடிக்கை இரண்டையும் எடுத்துவிட்டார். நேரம் பிற்பகல் ஒரு மணி. மூன்று மணிக்கு எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார். இரண்டு பேர் முகம் சுளிக்கும் படம் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை.

---

கரிசல்காட்டான் | மே 22, காலை 8.30

துக்கம், நன்றி என்று பிரித்துச் சொன்னது எனக்குப் பயன்படுகிறது. ஊர்வலத்துக்கு நான் வர மாட்டேன், அதில் மாற்றமில்லை. "ஹேப்பி" என்று இனிச் சொல்ல மாட்டேன். செப்டம்பர் 14 என் தம்பியின் பிறந்தநாள்.

---

நிலாவின் அம்மா | மே 22, காலை 10.12

காவிரிக்கரை அண்ணா, எங்கள் வீடும் பென்சில்வேனியாவில்தான். சாரணர் பிரிவில் இல்லாத பிள்ளைகள் கொடி நட வரலாமா? நிலாவுக்கு ஏழு வயது. ஆங்கிலத்தில் பெயர்களைப் படிக்கத் தடுமாறுவாள்.

---

காவிரிக்கரை | மே 22, காலை 10.40

தாராளமாக வரலாம் அம்மா. இந்தச் சனிக்கிழமை காலை எட்டரை மணி, இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். மெதுவாகப் படிக்கட்டும், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கொடி அவர்களே தருவார்கள். வீட்டில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் ஒன்று எடுத்து வாருங்கள், மேற்குப் பக்கம் மண் ரொம்ப இறுகிக் கிடக்கும்.